நிறம் பிரிக்கும் மென்படலங்கள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

ஒளியியல் பூச்சு என் தொழில். கேமரா சென்சார்களில் நிறம் எப்படிப் பிரிகிறது, அதில் மென்படலங்களுக்கு (கண்ணாடி போன்ற பரப்பில் படியவைக்கும் மிக மெல்லிய அடுக்குகளுக்கு) என்ன பங்கு என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

சென்சாருக்கு நிறமே தெரியாது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். சிலிக்கானில் எந்த நிறத்து ஃபோட்டான் விழுந்தாலும் கிடைப்பது ஓர் எலெக்ட்ரான். அது நீலத்திலிருந்து வந்ததா சிவப்பிலிருந்து வந்ததா என்று பின்னால் கண்டுபிடிக்க வழியில்லை. அதனால் ஒவ்வொரு பிக்சலின் மேலும் ஒரு ஃபில்டர் வைக்கிறோம். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்புதான் இன்றும் பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது: பாதி பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம்.

சாயமே இல்லாத மென்படலங்கள் எப்படி நிறம் பிரிக்கின்றன?

சோப்புக் குமிழியில் சாயம் கிடையாது, ஆனாலும் நிறங்கள் தெரிகின்றன அல்லவா? அதே இயற்பியல்தான். படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் அலைகள் சில அலைநீளங்களில் ஒன்றையொன்று வலுப்படுத்தும், சிலவற்றில் அழித்துக்கொள்ளும். குமிழியில் இது தற்செயல். நாங்கள் இதைக் கணக்குப் போட்டுச் செய்கிறோம்.

ஒளிவிலகல் எண் (ஒரு பொருள் ஒளியை எவ்வளவு மெதுவாக்குகிறது என்பதன் அளவு) அதிகமான டைட்டானியம் டை ஆக்சைடையும் குறைவான சிலிக்காவையும் மாற்றி மாற்றி அடுக்குவோம். ஒவ்வோர் அடுக்கும் கால் அலைநீளத் தடிமன், அதாவது அந்தப் பொருளுக்குள் சுருங்கிய அலைநீளத்தில் கால் பங்கு. 550 நானோமீட்டர் பச்சைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு சுமார் 57 நானோமீட்டர், சிலிக்கா சுமார் 94 நானோமீட்டர். இப்படிப் பத்து ஜோடி அடுக்கினால் பச்சையையும் அதை ஒட்டிய நிறங்களையும் திருப்பி அனுப்பும் அருமையான கண்ணாடி கிடைக்கும். அப்படிப்பட்ட இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே அரை அலைநீள இடைவெளி விட்டால் நேர்மாறாக, அந்த நிறங்களில் 550 நானோமீட்டர் பச்சை மட்டும் ஊடுருவிப் போகும். இடைவெளியின் தடிமனை மாற்றினால் கடந்துபோகும் நிறமும் மாறும். இந்தத் துறையில் எனக்கு இன்னும் அலுக்காத விஷயம் இதுதான்.

இவ்வளவு துல்லியமானது என்றால், போன் கேமராக்களில் ஏன் இன்னும் நிறமி (நுண்ணிய நிறப்பொடி) கலந்த ஃபில்டரே இருக்கிறது?

முதல் காரணம் கோணம். மென்படல ஃபில்டரில் ஒளி சாய்வாக விழுந்தால், கடந்துபோகும் நிறம் நீலத்தின் பக்கம் நகரும். சாய்ந்தால் பாதை நீளும், ஆகவே சிவப்புப் பக்கம்தான் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கணக்கில் வருவது மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் திரும்பும் இரண்டு அலைகளுக்கும் இடையிலான பாதை வேறுபாடு, ஒளி சாயும்போது அது குறைகிறது. சராசரி ஒளிவிலகல் எண் 1.7 உள்ள 550 நானோமீட்டர் ஃபில்டரில் 30 டிகிரி சாய்வில் ஒளி விழுந்தால், உச்சம் சுமார் 526-க்குப் போய்விடும். போன் லென்ஸில் சென்சாரின் ஓரங்களுக்கு வரும் ஒளி நன்றாகவே சாய்ந்துதான் வரும். நடுவில் ஒரு பச்சை, மூலையில் வேறு பச்சை என்றாகிவிடும். நிறமி ஃபில்டருக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு.

அடுத்தது உயரம். பத்து ஜோடி அடுக்கே ஒன்றரை மைக்ரான் (1500 நானோமீட்டர்) உயரம். இன்றைய போன் பிக்சல்களின் அகலமோ பல சென்சார்களில் ஒரு மைக்ரானுக்கும் கீழே. அகலத்தைவிட உயரமான தூண் வழியாகச் சாய்ந்து வரும் ஒளி பக்கத்துப் பிக்சலுக்குள் போய்விடும். இன்னொன்று, நிறமி வேண்டாத ஒளியை விழுங்கிவிடுகிறது, மென்படலமோ திருப்பி அனுப்புகிறது. திரும்பிய ஒளி லென்ஸில் பட்டு மறுபடி சென்சாருக்கே வந்தால் படத்தில் பேய்ப்பிம்பம், அதாவது மங்கலான போலிப் பிம்பம், விழும்.

ஃபில்டர் நிறங்களை எவ்வளவு கூர்மையாக வெட்டுகிறதோ அவ்வளவு நல்ல நிறம், சரிதானே?

இல்லை. இதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். மனிதக் கண்ணில் நிறத்தை உணரும் கூம்பு செல்களைப் பாருங்கள். சிவப்புப் பக்கத்துக் கூம்பும் பச்சைப் பக்கத்துக் கூம்பும் உணரும் அலைநீளங்கள் பெருமளவு ஒன்றன்மேல் ஒன்று படிந்துதான் இருக்கின்றன. அந்த மேற்படிவுதான் நிறங்களை வேறுபடுத்த உதவுகிறது.

பச்சை ஃபில்டர் 500 முதல் 600 வரை, சிவப்பு 600 முதல் 700 வரை என்று சுவர் வைத்ததுபோல வெட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 560 நானோமீட்டரில் பச்சை கலந்த மஞ்சள் ஒன்று, 589-இல் சோடியம் விளக்கின் ஆரஞ்சு கலந்த மஞ்சள் இன்னொன்று. இரண்டும் பச்சைப் பிக்சலில் மட்டும் பதிவாகும். கேமராவுக்கு அவை ஒரே நிறம், எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது. சரிவான, ஒன்றன்மேல் ஒன்று படியும் ஃபில்டர்களில் சிவப்புக்கும் பச்சைக்குமான விகிதம் மாறுவதால் இரண்டும் வேறு வேறாகத் தெரியும். கேமராவின் மூன்று நிறங்களும் எந்த அலைநீளத்தை எவ்வளவு உணர்கின்றன என்று காட்டும் வளைவுகள், கண்ணின் அதே வகை வளைவுகளைக் கூட்டிக் கழித்துப் பெறத்தக்கவையாக இருக்க வேண்டும் என்பதைத்தான் லூதர் நிபந்தனை என்கிறோம். முழுமையாக நிறைவேற்றும் கேமரா கிடையாது, ஆனால் நெருங்க நெருங்க நல்லது. தரவுத்தாளில் செங்குத்தான வளைவைப் பார்த்து மயங்க வேண்டாம்.

அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டரும் மென்படலம்தானா?

பெரும்பாலும் ஆம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பையும் சிலிக்கான் சுமார் 1100 நானோமீட்டர் வரை உணரும், அதனால் தடுப்பு கட்டாயம். 2006-இல் வந்த லைக்கா எம்8 கேமராவை உதாரணமாகச் சொல்லலாம். சென்சாரின் மேலிருந்த தடுப்பு போதாமல் கறுப்புச் செயற்கைத் துணிகள் ஊதாச் சாயலில் பதிந்தன. லென்ஸின் முன்னால் பொருத்த மென்படல ஃபில்டர் கொடுத்தார்கள். துணி சரியானது, ஆனால் அகன்ற கோண லென்ஸ்களில் மூலைகள் பச்சைநீலமாகின. காரணம் மேலே சொன்ன அதே கோண நகர்வு: தடுப்பின் எல்லை நகர்ந்து சிவப்பைத் தின்றது. எந்த லென்ஸ் என்று கேமராவுக்குத் தெரிய லென்ஸில் குறியீடு பொறித்து, மென்பொருளில் திருத்த வேண்டியதாயிற்று. இப்போது பல கேமராக்களில் அகச்சிவப்பை உறிஞ்சும் நீலக் கண்ணாடியையும் மென்படலத்தையும் சேர்த்தே பயன்படுத்துகிறார்கள், கோணத் தொல்லையைக் கண்ணாடி ஏற்றுக்கொள்கிறது.

அந்த அகச்சிவப்புத் தடுப்பை நானே கழற்றிவிடலாமா, ஐயா?

கழற்றலாம், ஆனால் வெறுமனே விட்டால் ஃபோகஸ் தளம் (படம் கூர்மையாக விழும் இடம்) அந்தத் தடுப்புக் கண்ணாடியின் தடிமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நகரும். அதே தடிமனுள்ள தெளிவான கண்ணாடியை அங்கே வையுங்கள்.

அப்படியானால் மென்படல ஃபில்டர் எங்கேதான் வெல்கிறது?

ஒளி வரும் கோணத்தை நாம் கட்டுப்படுத்த முடிகிற இடங்களில். மூன்று சென்சார் வைத்த வீடியோ கேமராக்களில் பட்டகத்தின் (ப்ரிஸம்) பரப்புகளில் டைக்ரோயிக் பூச்சு, அதாவது சில நிறங்களைத் திருப்பி மற்றவற்றைக் கடத்தும் மென்படலம், இருக்கும். அது நீலத்தை ஒரு பக்கமும் சிவப்பை இன்னொரு பக்கமும் திருப்பும், எதையும் விழுங்காது. பேயர் அமைப்பு வந்த ஒளியில் பாதிக்கு மேல் இழக்கும்போது இங்கே ஏறத்தாழ எல்லாமே பயன்படுகிறது. ஒளியைப் பல குறுகிய அலைநீளப் பட்டைகளாகப் பிரித்து அளக்கும் நிறமாலைக் கேமராக்களும் அப்படித்தான். நிறமியால் பத்து நானோமீட்டர் அகலப் பட்டையைத் தனியே எடுக்க முடியாது, பிக்சலுக்குப் பிக்சல் இடைவெளித் தடிமன் மாறும் மென்படலத்தால் முடியும். அங்கே வேண்டியது கண்ணுக்கு ஒத்த நிறம் இல்லை, அளவீடு. அதனால் கூர்மை அங்கே நன்மை.

காலப்போக்கில் மங்குமா?

நிறமியும் சாயமும் கடும் ஒளியிலும் வெப்பத்திலும் மெல்ல மங்கும், இரண்டில் சாயம்தான் சீக்கிரம் போகும். ஆக்சைடு அடுக்குகள் மங்காது. ஆனால் பழைய முறையில் ஆவியாக்கிப் படியவைத்த பூச்சுகளில் நுண்துளைகள் இருக்கும். ஈரம் புகுந்தால் ஒளிவிலகல் எண் உயர்ந்து, நிறம் சிவப்புப் பக்கம் சற்று நகரும். வாங்கும்போது அயனி உதவியுடன் (படியும் அடுக்கை அயனிகளால் மோதி இறுக்கி) படியவைத்ததா, ஸ்பட்டரிங் முறையா (அயனிகளால் மோதிப் பொருளைப் பெயர்த்துப் படியவைப்பது) என்று கேளுங்கள். அவை அடர்த்தியாக இருப்பதால் ஈரம் உள்ளே போகாது.