பிளஸ் ஒன் மேசையில் கல்லூரி நூல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிளஸ் ஒன் படிக்கிறேன். பள்ளி வேதியியல் நூலில் பல இடங்களில் 'இப்படித்தான்' என்று இருக்கிறதே தவிர ஏன் என்று இல்லை. சீனியர் அண்ணன் ஒருவர் அட்கின்ஸின் இயற்பிய வேதியியல் நூலைக் கொடுத்தார். வெப்ப இயக்கவியலில் நாலு பக்கம் தாண்டவில்லை. தொடரலாமா?

ம.

அன்புள்ள ம.,

உங்களைத் தடுத்தது கணக்கு. அந்த நூல் வெப்ப இயக்கவியலைப் பகுதி வகைக்கெழுக்களால் நடத்துகிறது. நம் பாடத்திட்டத்தில் அவை பிளஸ் டூ கணிதத்தில்தான் வருகின்றன. அதுவரை அந்த அத்தியாயத்தை மூடி வையுங்கள்.

கல்லூரி நூலுக்குக் கேள்வியோடு போக வேண்டும். பாடத்தைப் படித்து, பின்பக்கக் கணக்குகளையும் போட்ட பிறகு மிஞ்சும் ஒரு 'ஏன்'-ஐ எழுதிக்கொண்டு சொல்லடைவில் தேடுங்கள். இரண்டு மூன்று பக்கம் போதும். ஸ்காண்டியத்தை எடுங்கள். 3டி, 4எஸ் என்ற இரண்டு ஆர்பிட்டால்களில் (எலக்ட்ரான்கள் இருக்கும் இடங்களில்) 4எஸ் முதலில் நிரம்புகிறது என்று படிக்கிறோம். அயனியாகும்போதும் 4எஸ் எலக்ட்ரான்களே முதலில் போகின்றன. இதென்ன நியாயம்? ஸ்காண்டியத்தில் 3டியின் ஆற்றல் 4எஸ்ஸைவிடக் குறைவு. ஆனால் 3டி குறுகலான இடம், அங்கே எலக்ட்ரான்கள் நெருக்கியடித்தால் விலக்கம் கூடும். இரண்டு எலக்ட்ரான்கள் 4எஸ்ஸில் இருந்தால்தான் அணுவின் மொத்த ஆற்றல் குறைகிறது. ஆற்றல் கூடிய அவையே எளிதில் வெளியேறுகின்றன. புரிந்துகொள்ள இது, தேர்வில் ஆற்றல் குறைந்த ஆர்பிட்டாலே முதலில் நிரம்பும் என்ற ஆஃபா தத்துவத்தையே எழுதுங்கள்.

மதிப்பெண் போவது பெரும்பாலும் மரபுகள் மாறுவதால். பழைய நூல்களில் அமைப்பு செய்யும் வேலைக்கு நேர்க்குறி; உங்கள் பாடத்தில் அமைப்பின் மீது செய்யப்படும் வேலைக்கு. பழைய அமெரிக்க நூல்களில் துத்தநாகத்துக்கு +0.76 வோல்ட் என்றிருந்தால் அது ஆக்சிஜனேற்ற மின்னழுத்தம்; நாம் எழுதுவது ஒடுக்க மின்னழுத்தம், −0.76. சமநிலை மாறிலிக்குக் கல்லூரியில் அலகே கிடையாது, பள்ளியில் அலகு கேட்பார்கள். எல்லாவற்றிலும் மோசமானது அரை வாழ்காலம், அதாவது வினைபடுபொருள் பாதியாகக் குறைய ஆகும் நேரம். நைட்ரஜன் பென்டாக்சைடு சிதையும் சமன்பாட்டில் அதன் குணகம் 2. வினைவேகத்தை அந்த 2-ஆல் வகுத்து வரையறுக்கும் நூலில் வினைவேக மாறிலி வினாடிக்கு 0.01 என்றால் அரை வாழ்காலம் 34.65 வினாடி; வகுக்காத நூலில் 69.3. இரண்டும் சரிதான், இரண்டையும் கலந்தால்தான் தவறு. எந்த நூலிலிருந்து சூத்திரம் எடுத்தாலும் அதன் வரையறையையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

கரிம வேதியியலுக்குத் தயங்காமல் கல்லூரி நூலை எடுக்கலாம். அங்கே கணக்குத் தொல்லை குறைவு. கருக்கவர் பதிலீட்டு வினை, நீக்க வினை ஆகிய இரண்டு அத்தியாயங்களையும் பென்சிலும் தாளுமாகப் படியுங்கள். எலக்ட்ரான் நகர்வைக் காட்டும் ஒவ்வொரு வளைந்த அம்புக்குறியையும் நூலைப் பார்க்காமல் போட வர வேண்டும். அம்பு எலக்ட்ரான் இருக்கும் இடத்தில் தொடங்கும். ஹைட்ரஜன் அயனியிலிருந்து அம்பு போட்டிருந்தால் அழித்துவிட்டு மறுபடி போடுங்கள். கனிம வேதியியலின் தடித்த நூல்கள் புரட்டிப் பார்க்க மட்டுமே. தனிமம் தனிமமாக மனப்பாடம் செய்யப் புகுந்தால் வருடம் போய்விடும்.

வரிசையாக ஒரு நூலைப் படிக்கத்தான் ஆசை என்றால் அமெரிக்கக் கல்லூரிகளின் முதலாண்டுப் பொது வேதியியல் நூல் ஒன்றை எடுங்கள். பாதிக்கு மேல் உங்கள் பிளஸ் ஒன், பிளஸ் டூ பாடமேதான், விளக்கம் மட்டும் தாராளம். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் இணையத்தில் இலவசமாகவே தருகிறது. அட்கின்ஸை அண்ணனிடம் இன்னும் ஒரு வருடம் கடன் கேட்டுப் பாருங்கள்.