குளவி கொட்டி கை வீங்கினால்?

கேள்வி: புறங்கையில் குளவி கொட்டி, மறுநாள் முழங்கை வரை வீங்கிவிட்டது. அடுத்த முறை உயிருக்கே ஆபத்தாகுமா?

பதில்: பயப்படாதீர்கள். கொட்டிய இடத்தைச் சுற்றிப் பரவும் வீக்கம் 2 நாள் வரை கூடி, அப்புறம் தானாக வடியும். அடுத்த முறையும் பெரும்பாலும் இப்படித்தான். ஐஸ் ஒத்தடம், அலர்ஜி மாத்திரை போதும். ஆனால் கொட்டிய சில நிமிடங்களில் உடம்பெங்கும் தடிப்பு, தொண்டை இறுக்கம், மூச்சுத்திணறல், தலைச்சுற்றல் என்று வந்தால் கதையே வேறு, மாத்திரையை நம்பி உட்கார்ந்திருக்கவே கூடாது, தொடையின் வெளிப்பக்கத்தில் அட்ரினலின் ஊசி உடனே போட்டாக வேண்டும், ஆளை நடக்கவும் விடக்கூடாது. அப்படி வந்தவர்களுக்குத்தான் 4 முதல் 6 வாரம் கழித்துத் தோல், ரத்தப் பரிசோதனை தேவை. குளவி விஷம் ஒவ்வாதது உறுதியானால் அந்த விஷத்தையே சிறுகச் சிறுக ஊசியில் ஏற்றி 3 முதல் 5 ஆண்டு சிகிச்சை தருவார்கள், நல்ல பலன் உண்டு.