யாரிடம் சொல்வது என்பதை அவரிடமே விடுங்கள்

கேள்வி: கனடாவில், ஸ்காபரோவில் நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து உகண்டாப் பெண் ஒருவரை அகதியாக ஸ்பொன்சர் செய்திருக்கிறோம். தன்பாலீர்ப்பு கொண்டவர் என்பதால் ஊரைவிட்டு ஓடி, மூன்று வருடமாக நைரோபியில் இருக்கிறார். அடுத்த மாதம் வந்துவிடுவார். எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில்தான் தங்கப்போகிறார். தனிமை தெரியாமலிருக்க, இங்குள்ள உகண்டா மக்களின் தேவாலயத்தில் அறிமுகப்படுத்தலாமா? மேலே எங்களோடு இருக்கும் என் மாமியிடம் என்ன சொல்வது?
- ஒரு வாசகி

பதில்:

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தை வாசித்தபோது மனம் நிறைந்தது. ஆனால் தேவாலய அறிமுகம் என்ற இடத்தில் பயந்துவிட்டேன். அவராகக் கேட்காதவரை தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

உங்களுக்கு அப்படித் தோன்றியது ஏன் என்று புரிகிறது. 83 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து இந்த நாட்டுக்கு வெறுங்கையோடு வந்த நம்மவர்களுக்கு முதல் அறை, முதல் வேலை, முதல் சோறு எல்லாம் நம் சனத்திடம்தான் கிடைத்தன. தமிழ்க் குரல் கேட்ட இடத்தில் மூச்சுவிட்டோம். இவருக்கோ தன் மொழிக்குரல் கேட்டால்தான் நெஞ்சு படபடக்கும். 2023 மே மாதம் உகண்டா ஜனாதிபதி முசெவேனி கையெழுத்திட்ட சட்டம் தன்பாலுறவுக்கு ஆயுள் சிறையும், சில சந்தர்ப்பங்களில் மரண தண்டனையும் விதிக்கிறது. சட்டத்துக்கு முன்பே வீட்டாரும் அயலவரும் தண்டித்துவிடுவார்கள். தப்பிப் போன கென்யாவிலும் இது 14 வருடம் வரை சிறைக்குரிய குற்றம். ஆக, நைரோபியிலும் ஒளித்துத்தான் வாழ்ந்திருப்பார். இங்கே ஒருவர் காதில் விழுந்த செய்தி அன்று மாலையே வாட்ஸ்அப்பில் கம்பாலா போய்ச் சேரும். அங்கே அவருடைய அம்மாவும் தங்கைகளும் இருக்கலாம்.

அதே காரணத்துக்காக, பியர்சன் விமான நிலையத்தில் பதாகை பிடித்துப் படமெடுத்து ஃபேஸ்புக்கில் போட வேண்டாம். காசு தந்தவர்களுக்கு நன்றி சொல்ல ஒரு கடிதம் போதும். மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் தொலைபேசி வழியாக, வேறு நகரத்தில் இருப்பவரைக் கேளுங்கள். அவருக்கு இவருடைய பெயர் தெரியவேண்டியதில்லை.

சரி, தனிமைக்கு என்ன செய்வது? ரொறன்ரோ செர்ச் தெருவில் 519 என்ற சமூக நிலையம் இருக்கிறது. கதவிலக்கமே அதன் பெயர். தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்ற பால்புதுமை அகதிகளுக்கென்றே அங்கே உதவிகள் உண்டு. இவரைப் போலவே ஓடிவந்தவர்களை அங்கே சந்திக்கலாம். முதல்முறை போகும் வழியை மட்டும் காட்டுங்கள், உள்ளே கூடப் போகவேண்டாம். ஆறு மாதம் கழித்து, தேவாலயம் வேண்டும் என்று அவரே கேட்கவும் கூடும். ஊரைவிட்டு வந்தவர்களுக்குப் பாட்டும் பிரார்த்தனையும் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று நமக்குத் தெரியாதா! எல்லோரையும் ஏற்றுக்கொள்ளும் தேவாலயங்கள் இந்த நகரத்தில் உண்டு. அப்போது சேர்ந்து தேடுங்கள்.

மாமியிடம் பொய் சொல்லவேண்டாம். "உகண்டாவிலிருந்து வந்த பிள்ளை, அகதி, நாங்கள்தான் கூப்பிட்டோம்" என்றால் போதும், அது முழு உண்மை. ஏன் ஓடிவந்தார் என்று மாமி கேட்டால், "அது அவருடைய கதை மாமி, சொல்ல நினைத்தால் சொல்லுவார்" என்று விடுங்கள். நீங்களும் அந்தக் கதையைக் கேட்காதீர்கள். ஐ.நா. அலுவலகத்திலும் விசா அதிகாரியிடமும், தான் யாரை நேசித்தேன் என்பதை முன்பின் தெரியாதவர்களுக்கு நிரூபித்து நிரூபித்துக் களைத்துப்போய் வருகிறார்.

பேஸ்மென்ட் பற்றி எனக்குக் கொஞ்சம் யோசனைதான். ரொறன்ரோ வாடகைக்கு அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் ஸ்பொன்சர் செய்தவரே வீட்டுக்காரராகவும் இருந்தால், பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று அவர் எப்படிச் சொல்வார்? தனி வாசலும், உள்ளிருந்து பூட்டும் பூட்டும் கொடுங்கள். வாடகை எவ்வளவு, எத்தனை மாதம் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். யார் வந்து போகிறார்கள், யார் தங்குகிறார்கள் என்பது உங்கள் கணக்கில் வரக்கூடாது. நாளைக்கு ஒரு தோழி வந்தால், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று முகம் சுளிக்கமாட்டோம் என்பதை இப்போதே குடும்பத்தோடு பேசி முடிவெடுங்கள். அதற்கு உங்கள் வீடு தயாரில்லை என்றால் வேறு அறை பார்ப்பதே நல்லது.

இன்னொன்று மிக முக்கியம். உகண்டாவில் இப்படிப்பட்ட பல பெண்களைக் கட்டாயமாகக் கல்யாணம் செய்துவைப்பார்கள். விட்டுவந்த பிள்ளை ஒன்று இருக்கலாம். துணைவியும் இருக்கலாம். விண்ணப்பத்தில் அவர்களைக் குறிப்பிட்டிருந்தால், வந்து ஒரு வருடத்துக்குள் அவர்களை அழைக்க விண்ணப்பிக்க வழி உண்டு. அந்தக் கெடு தாண்டினால் பாதை நீண்டுவிடும். துருவிக் கேட்காமல், வந்த முதல் வாரமே இப்படி ஒரு விதி இருப்பதைச் சொல்லி, அகதிச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைத் தனியாகச் சந்திக்க ஏற்பாடு செய்யுங்கள். நீங்கள் வெளியே காத்திருங்கள்.

வந்திறங்கும்போதே அவர் நிரந்தர வதிவிட உரிமையோடு வருகிறார். நீங்கள் செலவழித்த காசைத் திருப்பிக் கேட்க முடியாது. நன்றியையும் எதிர்பார்க்காதீர்கள். முதல் மாதங்களில் அதிகம் பேசாமல், பகல் முழுக்கத் தூங்கலாம். கோபமா, சோம்பலா என்று குழம்பவேண்டாம். வருடக்கணக்கில் ஒழுங்காகத் தூங்காத உடம்பு அது. அகதிகளுக்கான மத்திய அரசின் மருத்துவத் திட்டம் உளவள ஆலோசனைக்கும் உதவும், குடும்ப மருத்துவரிடம் கேட்டு வையுங்கள்.

மாமி புட்டவித்துக் கொண்டு கீழே இறங்கினால் தடுக்காதீர்கள். கதவைத் தட்டி, திறக்கும்வரை நிற்கச் சொல்லுங்கள்.