துப்பாக்கியை ஆற்றில் விட்டு வந்த தாத்தா: பெட்டியில் இருக்கும் தோட்டாக்களை என்ன செய்வது?

கேள்வி: பெங்களூர் அல்சூரில் உள்ள எங்கள் பழைய வீட்டை இடித்துக் கட்டப் போகிறோம். பரணைச் சுத்தம் செய்தபோது தாத்தாவின் தகரப் பெட்டி கிடைத்தது. அவர் ராணுவத்தின் பொறியாளர் பிரிவான மதராஸ் சாப்பர்ஸ் படையில் இருந்தவர். பெட்டியில் ஒரு சம்பளப் புத்தகம், ஆறு முனை கொண்ட இரண்டு வெண்கலப் பதக்கங்கள், துப்பாக்கியுடன் அவர் நிற்கும் புகைப்படம், துப்பாக்கி முனையில் பொருத்தும் நீளமான கத்தியான பயனெட் ஒன்று, தகட்டில் செருகிய ஐந்து தோட்டாக்கள் ஆகியவை இருக்கின்றன. தோட்டாவின் அடியில் கே.எஃப்., 43 என்றும் ரோமன் எழுத்தில் ஏழு என்றும் பொறித்திருக்கிறது. என் தம்பி இவற்றைக் கண்ணாடிச் சட்டத்தில் வைத்து மாட்டலாம் என்கிறான். அம்மாவோ அல்சூர் ஏரியில் போட்டுவிடச் சொல்கிறார். இன்னொன்று: தாத்தா பர்மாவில் துப்பாக்கியை விட்டுவிட்டு ஆற்றை நீந்திக் கடந்ததாகப் பாட்டி சொல்வார். பெரியப்பா அதை வெளியே சொல்லக் கூடாது, குடும்பத்துக்கு அவமானம் என்பார். அங்கே என்ன நடந்தது, அவருடன் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று தெரிந்துகொள்ள வழி உண்டா? தாத்தா எத்தனை பேரைச் சுட்டார் என்று என் மகனும் கேட்கிறான்.

பதில்: முதலில் தோட்டாக்களை முடித்துவிடுவோம். இதில் தாமதம் கூடாது.

நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பவை .303 ரகத் தோட்டாக்கள். கே.எஃப். என்பது புணே அருகே உள்ள கிர்க்கி தொழிற்சாலையின் முத்திரை. 43 என்பது 1943. அந்தத் தகடு ஐந்து தோட்டாக்களை ஒரே அழுத்தில் துப்பாக்கிக்குள் இறக்குவதற்கானது. எண்பது ஆண்டுகள் கடந்தவை என்பதால் செத்துப்போனவை என்று எண்ணிவிடாதீர்கள். அடியில் உள்ள சிறு வட்டத்தில் தட்டினால் தீப்பற்றும் மருந்து இருக்கிறது. பித்தளைக் கூட்டுக்குள் குண்டை உந்தித் தள்ளும் கார்டைட் வெடிமருந்து இருக்கிறது. மூடிய கூட்டுக்குள் இரண்டும் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும். எனவே குறடால் பிடுங்கிக் காலி செய்யலாம், பாலிஷ் போடலாம், துளை போட்டுச் சட்டத்தில் பொருத்தலாம் என்கிற யோசனை எதுவும் வேண்டாம்.

அந்த ரோமன் ஏழையும் உங்கள் தம்பி தெரிந்துகொள்ள வேண்டும். அது ஏழாம் மார்க், அதாவது ஏழாம் வடிவம் என்பதன் குறி. அந்தக் குண்டின் நுனிப்பகுதிக்குள் அலுமினியம் போன்ற எடை குறைந்த பொருளையும், அதன் பின்னால் ஈயத்தையும் வைத்தார்கள். முன்பக்கம் லேசு, பின்பக்கம் கனம். காற்றில் நேராகச் செல்லும் அந்தக் குண்டு, உடலுக்குள் நுழைந்ததும் நிலை தடுமாறிப் புரளும்; புரளும்போது வழியில் உள்ளதையெல்லாம் கிழிக்கும். உடலுக்குள் விரிந்து சிதறும் தம்தம் குண்டுகளை 1899ஆம் ஆண்டு ஹேக் பிரகடனம் தடை செய்தது. இது விரியவில்லை, புரள்கிறது என்பதால் அந்தத் தடைக்குள் வரவில்லை. வரவேற்பறைச் சுவரில் குழந்தைகள் பார்க்கும் உயரத்தில் மாட்டுவதற்கு உரிய பொருளாக எனக்கு இது தோன்றவில்லை.

சட்டமும் அனுமதிக்காது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3வது பிரிவின்படி உரிமம் இல்லாமல் ஒரு தோட்டா வைத்திருப்பதும் குற்றம். அதிலும் .303 ராணுவ ரகம். பொதுமக்களுக்கு அதற்கான உரிமம் சாதாரணமாகக் கிடைக்காது. வீட்டில் இருப்பது தெரியாமல் இருந்தவரையும், தெரிந்தே வைத்திருப்பவரையும் நீதிமன்றங்கள் ஒன்றாகப் பார்ப்பதில்லை. பரணைத் திறக்கும்வரை உங்களுக்குத் தெரியாது. இப்போது தெரியும். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

செய்ய வேண்டியது எளிது. பெட்டியை இருக்கும் இடத்திலேயே வைத்துப் படம் எடுங்கள். குழந்தைகளும் கட்டட வேலையாட்களும் அந்த அறைக்குள் போகாமல் பூட்டுங்கள். உங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்கோ 112க்கோ தொலைபேசியில் சொல்லுங்கள். தோட்டாக்களைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோவிலோ மெட்ரோவிலோ நீங்களே எடுத்துப் போகாதீர்கள். மெட்ரோ சோதனையில் பிடிபட்டால் தாத்தாவின் கதையை யாரும் பொறுமையாகக் கேட்கப் போவதில்லை. கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு கடிதம் எழுதி இரண்டு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்: எந்த நாளில், எந்த இடத்தில், எதற்காகப் பெட்டியைத் திறந்தபோது கிடைத்தது, எத்தனை தோட்டாக்கள், அடியில் என்ன முத்திரை, தாத்தாவின் ராணுவ எண் என்ன. ஒரு பிரதியில் தேதியுடன் ஒப்புதல் முத்திரை வாங்காமல் தோட்டாக்களைக் கொடுக்காதீர்கள். பயனெட்டையும் அதே கடிதத்தில் குறிப்பிடுங்கள். கூரிய ஆயுதங்களுக்கு எல்லா ஊரிலும் உரிமம் தேவைப்படுவதில்லை, அறிவிக்கப்பட்ட பகுதிகளில்தான் தேவை. ஆனால் ராணுவப் பயனெட்டை மறைத்தோம் என்ற பேச்சு பின்னால் வரக் கூடாது. அதை வீட்டில் வைக்கலாமா, மதராஸ் சாப்பர்ஸ் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமா என்று அங்கேயே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

ஏரி வேண்டவே வேண்டாம். தூர் வாரும்போது யார் கையில் சிக்கும் என்று சொல்ல முடியாது. குப்பையில் போட்டால் அழுத்தும் லாரிக்குள் போகும். அங்கே நிற்பவர் துப்புரவுத் தொழிலாளி. இன்னும் திறக்காத பெட்டி வேறு ஏதாவது இருந்து, அதில் வரி வரியாகப் பள்ளம் விழுந்த, எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிய இரும்புருண்டை தென்பட்டால் அது கையெறி குண்டாக இருக்கலாம். தொடாமல், நகர்த்தாமல், எல்லோரும் வீட்டைவிட்டு வெளியேறிப் போலீசுக்குச் சொல்லுங்கள். பழைய ரிவால்வரோ ரைஃபிளோ கிடைத்தால் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

இனி, பெரியப்பா அவமானம் என்று நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உலுக்கியது அதுதான்.

புகைப்படத்தில் உள்ளது லீ என்ஃபீல்ட் ரைஃபிள். குழாயின் முனை வெளியே நீட்டிக்கொண்டிராமல் மரச் சட்டத்தோடு மொண்ணையாக முடிகிறது பாருங்கள். வங்காளத்தின் ஈஷாப்பூர் தொழிற்சாலையிலும் செய்யப்பட்ட ரகம் அது. எடை ஏறக்குறைய நான்கு கிலோ. பத்துத் தோட்டாக்கள் பிடிக்கும். சிப்பாயின் பெயரில் எண் போட்டுக் கொடுத்த ரைஃபிளைத் தொலைப்பது ராணுவத்தில் தண்டனைக்குரிய குற்றம். பெரியப்பாவின் கூச்சம் அங்கிருந்து வந்திருக்க வேண்டும்.

ஆனால் 1942 பிப்ரவரியில் சிட்டாங் ஆற்றங்கரையில் நடந்ததை அவர் அறிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். தெற்கு பர்மாவிலிருந்து ஜப்பானியர் துரத்த, 17வது இந்திய டிவிஷன் ரங்கூன் திசையில் பின்வாங்கிக்கொண்டிருந்தது. இடையில் சிட்டாங் ஆறு; கடக்க ஒரே ஒரு ரயில் பாலம். வண்டிகள் போவதற்காகத் தண்டவாளத்தின் மீது பலகை பரப்பியிருந்தார்கள். கிழக்குக் கரையில் ஜப்பானியர் பாலத்தை நெருங்கிவிட்டனர். பாலம் அவர்கள் கையில் முழுதாகச் சிக்கினால் ரங்கூனுக்கு வழி திறந்துவிடும். பிப்ரவரி 23 அதிகாலை ஐந்தரை மணியளவில் பாலத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். டிவிஷனின் பெரும்பகுதி அப்போதும் கிழக்குக் கரையில்தான் இருந்தது.

வெடிச்சத்தம் கேட்டதும், திரும்பிப் போக வழி இல்லை என்பது அந்தக் கரையில் இருந்த ஒவ்வொருவருக்கும் புரிந்திருக்கும். பகல் முழுவதும் சண்டையிட்டபடியே மூங்கில், பெட்ரோல் டின், கதவுப் பலகை என்று கைக்குக் கிடைத்ததைக் கட்டி மிதவை செய்தார்கள். பூட்ஸையும் உடையையும் கழற்றிவிட்டு ஆற்றில் இறங்கினார்கள். கூர்க்காக்கள் பலருக்கும், நம் ஊர்களிலிருந்து போனவர்களில் எத்தனையோ பேருக்கும் நீச்சல் தெரியாது. நீரோட்டம் இழுத்துச் சென்றவர்கள் எத்தனை பேர், குண்டடி பட்டு மூழ்கியவர்கள் எத்தனை பேர் என்று பிரித்துச் சொல்ல எந்தப் பதிவும் இல்லை. மறுநாள் டிவிஷனின் காலாட்படையை எண்ணிப் பார்த்தபோது 3,484 பேர் இருந்தார்கள். இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. அவர்களிடம் இருந்த ரைஃபிள்கள் 1,420.

அந்த இரண்டு எண்களையும் பெரியப்பாவிடம் காட்டுங்கள். கரையேறியவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் கையில் துப்பாக்கி இல்லை. நான்கு கிலோ இரும்பையும் மரத்தையும், அதன் மேல் ஒரு கிலோவுக்கு மேல் தோட்டாப் பட்டையையும் சுமந்துகொண்டு நீந்த முயன்றவர்களில் பலர் ஆற்றின் அடியில் இருக்கிறார்கள். உங்கள் தாத்தா ரைஃபிளை விட்டார், உயிரைக் கொண்டுவந்தார். அதனால்தான் இன்று அந்தப் பெட்டியைத் திறக்க நீங்கள் இருக்கிறீர்கள்.

அந்த ஆறு சிட்டாங்தானா என்பதைச் சம்பளப் புத்தகம்தான் உறுதிப்படுத்த வேண்டும். அதில் கம்பெனி எண் இருக்கும். அந்தக் கம்பெனி 1942 தொடக்கத்தில் 17வது டிவிஷனுடன் இருந்ததா என்று பாருங்கள். பர்மாவில் பெரிய ஆறுகள் வேறும் உண்டு. ஆனால் துப்பாக்கியின்றி நீந்தி வந்தார் என்ற குடும்பப் பேச்சு வேறு எந்த ஆற்றையும்விட இந்த ஆற்றுக்குத்தான் பொருந்துகிறது. தோட்டாக்களின் 43 இன்னொரு செய்தியும் சொல்கிறது. அவை சிட்டாங்கில் அவர் கையில் இருந்திருக்க முடியாது. அப்படியானால் அந்த ஆற்றிலிருந்து தப்பிய பிறகும் அவர் படையில் தொடர்ந்திருக்கிறார். மறுபடியும் பர்மா முனைக்கே போயிருக்கவும் கூடும். அவமானம் என்று ஒதுக்கியவருக்கு ராணுவம் மறுபடியும் ரைஃபிள் கொடுத்திருக்காது.

உங்கள் மகன் தாத்தா எத்தனை பேரைச் சுட்டார் என்று கேட்பதாகக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். சாப்பர்களின் வேலையை அவனுக்குச் சொல்லுங்கள். பாலம் கட்டுவது, தேவைப்பட்டால் அதே பாலத்தைத் தகர்ப்பது, சாலை போடுவது, கண்ணிவெடி எடுப்பது. மதராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியம் 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் கண்ணிவெடி அகற்றும் குழுவுடன் போனார். மிதிபட்ட ஒரு கண்ணிவெடி முழுதாக வெடிப்பதற்குள் அதன் மீது பாய்ந்து விழுந்து, கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டார். பிரிட்டனின் உயரிய வீர விருதுகளில் ஒன்றான ஜார்ஜ் கிராஸ் அவர் இறந்த பிறகு வழங்கப்பட்டது. அந்த நேரத்தில் அவருக்குத் துப்பாக்கியால் ஆகக்கூடிய காரியம் எதுவும் இல்லை. பர்மாவில் கொன்றதும் துப்பாக்கி மட்டும் அல்ல. 1943இல் அங்கே காயத்துக்காக வெளியேற்றப்பட்ட ஒருவருக்கு நோயால் வெளியேற்றப்பட்டவர்கள் 120 பேர் என்று படைத்தலைவர் ஸ்லிம் பதிவு செய்திருக்கிறார். மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் அப்படி வாரிக்கொண்டு போயின.

தாத்தாவுடன் இருந்தவர்களைத் தேட மூன்று வாசல்கள் உண்டு. முதலாவது உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. மதராஸ் சாப்பர்ஸின் இன்றைய வடிவமான மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பின் (எம்.இ.ஜி.) ரெக்கார்ட் ஆபீஸ் பெங்களூரிலேயே உள்ளது. ராணுவ எண், பெயர், தந்தை பெயர், சொந்த ஊர் ஆகியவற்றுடன், பேத்தி என்பதற்கான சான்றின் நகலையும் இணைத்து எழுதுங்கள். அவர் ஓய்வூதியம் வாங்கியவரா என்பதைப் பாட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்காதவர்களின் கோப்புகளை 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழித்துவிடுவார்கள். அதனால் 'கோப்பு இல்லை' என்று பதில் வந்தால் விட்டுவிடாமல், 'லாங் ரோல்' பதிவேட்டில் உள்ள விவரத்தைத் தருமாறு மறுபடியும் கேளுங்கள். அது அழிக்கப்படாத பேரேடு.

இரண்டாவது, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடல். கட்டணம் இல்லை. இரண்டாம் உலகப் போரில் மாண்ட ஏறத்தாழ 87,000 இந்தியப் படையினரில் நீங்கள் தேடுபவர் அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். படைப்பிரிவு இடத்தில் 'குயின் விக்டோரியாஸ் ஓன் மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்' என்று கொடுத்து, 1942 பிப்ரவரி மாதத்தை முழுவதுமாக வைத்துத் தேடுங்கள். ஒரு நாளை மட்டும் வைத்துத் தேடினால், காணாமல்போனவர் என்று பின்னால் பதிவானவர்கள் தவறிவிடுவார்கள். பெயர் எழுத்துகளிலும் பிடிவாதம் வேண்டாம். முனுசாமியும் கோவிந்தனும் குமாஸ்தாவின் காதில் விழுந்தபடியே எழுதப்பட்டிருப்பார்கள். கல்லறையே இல்லாதவர்கள்தாம் அங்கே அதிகம். ரங்கூனுக்கு வடக்கே தவுக்கியானில் உள்ள நினைவு மண்டபத் தூண்களில், உடல் கிடைக்காத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள்.

மூன்றாவது, லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகம். கம்பெனியின் போர் நாட்குறிப்பு டபிள்யூ.ஓ. 172 என்ற தொடரில் இருக்கும். கட்டணம் உண்டு, கம்பெனி எண் உறுதியான பிறகு போதும்.

பதக்கங்களைப் பித்தளைப் பாத்திரம் போலத் தேய்க்காதீர்கள். பின்புறமும் விளிம்பிலும் எண்ணும் பெயரும் பொறித்திருந்தால் அவை தேய்ந்துவிடும். கண்ணாடிச் சட்டத்தில் மாட்ட வேண்டியவை இவையும் அந்தப் புகைப்படமும்தான். சம்பளப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும், வெற்றுப் பக்கம் உட்பட, படம் எடுத்துவிட்டு அசலைப் பிளாஸ்டிக் உறையில் அல்லாமல் சாதாரணக் காகித உறையில் வையுங்கள். ரெக்கார்ட் ஆபீஸ் பதிலுக்குச் சில மாதங்கள் ஆகலாம். நினைவூட்டல் கடிதத்தில் முதல் கடிதத்தின் தேதியைக் குறிப்பிடுங்கள். அதற்கிடையில் பாட்டியிடம் உட்கார்ந்து, தாத்தா பேச்சுவாக்கில் சொன்ன நண்பர்களின் பெயர்களையும் ஊர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பெயர் கிடைத்தாலும் தவுக்கியான் பட்டியலில் தேட ஒரு முனை கிடைத்துவிடும்.