‘நல்லா கீதா?’ – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். ஷூ கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஏழு. மகள் யு.கே.ஜி. படிக்கும்போது, சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸுக்குக் கூட்டிப் போகிறேன் என்று வாய்விட்டுவிட்டேன். ஒரு வருடம் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன். இன்னொரு வருடம் வீட்டுக் கூரை ஒழுகி, சேர்த்த பணம் அதற்குப் போனது. இப்போது சீட்டுப் பணம் எடுத்து டிக்கெட் போட்டுவிட்டேன். மே இரண்டாவது வாரம் கிளம்புகிறோம்.

மகள் தினமும் காலண்டரில் ஒரு நாளை அடிக்கிறாள். அங்கே இருக்கும் ஒவ்வொரு ரைடையும் யூடியூபில் பார்த்து, எதில் முதலில் ஏறுவது என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். தம்பிக்கும் அவளே பாடம் எடுக்கிறாள். போய்விட்டு வந்த தெரிந்தவர் ஒருவர், “வெயில்ல க்யூவுல நின்னதுதான் மிச்சம்” என்றார். என் மனைவி, “ரொம்ப ஆசை காட்டாதீங்க, கொஞ்சம் குறைச்சே சொல்லி வைங்க” என்கிறாள். எனக்கு இரவில் தூக்கம் வரவில்லை. ஐந்து வருடம் காத்திருந்து, போன இடத்தில் பிள்ளை முகம் வாடிவிட்டால் என்ன செய்வது? ஆசையை இப்போதே குறைத்துவிடுவதுதான் நல்லதா?

ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

குறைக்க வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் இன்று இரவாவது தூங்க வேண்டும்.

காலண்டரில் அடிக்கிற அந்தக் கோடு இருக்கிறதே, அதுவும் பயணம்தான். நெதர்லாந்தில் 1,530 பேரிடம் விசாரித்து 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. விடுமுறைப் பயணம் போகவிருந்தவர்கள், போகாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். ஆனால் கிளம்புவதற்கு முன்னால்தான் அப்படி. திரும்பி வந்த பிறகு இரு சாராருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பயணம் மிக நிம்மதியாக இருந்தது என்று சொன்னவர்களுக்கு மட்டும் அந்த மகிழ்ச்சி கொஞ்ச காலம் தங்கியது, அதுவும் சில வாரங்களில் கரைந்தது. அதைப் படித்தபோது எனக்கு இரண்டு விஷயம் பட்டது. உங்கள் மகள் ஐந்து வருடமாக அனுபவித்துக்கொண்டிருப்பது உண்மையான சந்தோஷம், அதில் நாம் கை வைக்கக் கூடாது. அடுத்தது, அங்கே போனபின் தேவைப்படுவது நிம்மதி. அதைக் கெடுக்கக்கூடியவர் உங்கள் மகள் இல்லை. நீங்கள்தான்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். இதை நான் மகனாக இருந்து கற்றுக்கொண்டேன்.

எங்கள் வீடு வேலூர் சைதாப்பேட்டையில். நைனா ராணிப்பேட்டையில் டர்னராக இருந்தார். கோட்டை மைதானத்தில் பொருட்காட்சி போடும்போதெல்லாம் கூட்டிப் போவார். ஜயண்ட் வீல், மரணக் கிணறு, கை அகலத்துக்கு டெல்லி அப்பளம். ஒருமுறை வீலின் உச்சியில் நின்றபோது என் காதருகே சொன்னார்: “பட்டணத்துல இத்தவிட பெருசு கீதுடா. உன்ன கூட்டினு போறன்.” அதற்குப் பிறகு மூன்று வருடம் நான் அந்தப் பெருசைப் பற்றித்தான் பேசினேன். ஆயா இறந்த வருடம் தள்ளிப்போனது. அக்கா பெரியவளான வருடம் தள்ளிப்போனது. எனக்குப் பதினோரு வயதானபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காட்பாடியில் ரயில் ஏறினோம். சென்னைக்கு வெளியே ஒரு கேளிக்கைப் பூங்கா, பெயர் வேண்டாம்.

நான் கனவு கண்டிருந்த பெரிய ரைடு அன்று ஓடவில்லை, ரிப்பேர். மற்றவற்றில் ஏறினேன், நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொன்றிலிருந்து இறங்கியதும் நைனா கேட்டார், “நல்லா கீதா?” நான் தலையாட்டினேன். மறுபடி, “நல்லா கீதாடா?” டிக்கெட் விலையையும் ரயில் செலவையும் அம்மாவிடம் கூட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார். ஐந்தாவது தடவை கேட்டபோது நான் உண்மையைச் சொன்னேன்: “பொருட்காட்சில கீற மாதிரியேதான் கீது நைனா.”

அவர் முகம் போன போக்கை இன்றைக்கும் சொல்ல முடியும். திட்டவில்லை, அடிக்கவில்லை. அம்மா மரத்தடியில் புளிசாதத்தைப் பிரித்தபோது பசியில்லை என்றார். திரும்பும்போது காட்பாடி வரைக்கும் ரயில் கதவருகிலேயே நின்றார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, எதையோ உடைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். ஓடாத ரைடு எனக்கு ஒரு வாரத்தில் மறந்துவிட்டது. கதவருகே நின்ற முதுகு மறக்கவில்லை.

பிள்ளைகளின் ஏமாற்றத்துக்கு ஆயுள் குறைவு. பெரியவர்களுக்கும் அப்படித்தான் போலிருக்கிறது. கலிஃபோர்னியாவில் சைக்கிளில் சுற்றுலா போன மாணவர்களைக் கவனித்த ஓர் ஆய்வு 1997இல் வந்தது. போகுமுன் பிரமாதமாக இருக்கும் என்றார்கள், நடுவில் அவ்வளவு இல்லை என்றார்கள், வீடு திரும்பிய சில நாட்களிலேயே பழையபடி இனிக்கத் தொடங்கிவிட்டது. நைனா அன்று புளிசாதத்தை வாங்கிச் சாப்பிட்டிருந்தால் எனக்கும் இனித்திருக்கும்.

அவர் கெட்டவர் இல்லை, ஆர். மூன்று வருடம் தள்ளிப்போட்ட குற்றவுணர்ச்சி அது. அந்த ஒரு நாளில் என் முகம் மலர்ந்து அந்தக் கடனை அடைக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார். உங்கள் கடிதத்தில் ஆபரேஷன், கூரை, சீட்டுப் பணம் என்று வரிசையாக வருகிறதே, அதைப் படித்தபோது எனக்குப் பதற்றமாக இருந்தது. உங்கள் அம்மாவின் இடுப்புக்குச் செலவழித்ததற்கு மகளிடம் நீங்கள் கடன்பட்டிருக்கவில்லை. அந்தக் கணக்கை விமானம் ஏறுமுன் முடித்துவிடுங்கள். அங்கே போய் எவ்வளவு ஆயிற்று என்று பிள்ளைகள் காதுபடச் சொல்லாதீர்கள். “பிடிச்சிருக்கா?” என்று கேட்கவே கேட்காதீர்கள். கேட்டால் அவள் உங்களுக்காகச் சிரிக்க ஆரம்பித்துவிடுவாள். பத்து வயதுப் பெண்ணுக்கு அது நன்றாகவே வரும், அதுதான் எனக்குப் பயம்.

க்யூ விஷயம். உங்களுக்குத் தெரிந்தவர் சொன்னது பொய்யில்லை. சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர். நம் கத்திரி வெயில் அளவுக்குச் சூடு இருக்காது, ஆனால் புழுக்கம் பிழிந்தெடுத்துவிடும். திடீரென்று மழை வரும், மின்னல் இருந்தால் வெளியே ஓடுகிற ரைடுகளை நிறுத்திவைப்பார்கள். ஒரு மணி நேரம் நின்று ஏறினால் சில நிமிடத்தில் இறக்கிவிடுவார்கள். இதையெல்லாம் மகளிடம் இப்போதே சொல்லுங்கள். இது ஆசையைக் குறைப்பது ஆகாது, அவளுடைய நோட்டில் விட்டுப்போன பக்கத்தை எழுதுவது. அவள் பார்த்த வீடியோக்களில் க்யூவை வெட்டித்தானே போட்டிருப்பார்கள்?

நீங்கள் திருப்பதி போயிருப்பீர்கள், நம் பக்கத்தில் போகாத குடும்பம் குறைவு. கம்பார்ட்மென்ட்டில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறோம். உள்ளே போனால் ‘ஜருகண்டி’, சில விநாடிதான். ஆனாலும் ஏமாந்துவிட்டோம் என்று யாரும் மலை இறங்குவதில்லை. காத்திருப்பதையும் தரிசனத்தோடு சேர்த்துத்தான் வைத்திருக்கிறோம். அங்கே உட்கார்ந்து குழந்தைக்குத் தலை பின்னுகிறோம், பக்கத்துக் குடும்பத்தோடு ஊர்க்கதை பேசுகிறோம், கட்டிக்கொண்டு போனதைப் பகிர்ந்து தின்கிறோம். கை வேலையாக இருந்தால் நேரம் போவது தெரியாது. யுனிவர்சல் க்யூவிலும் அதையே செய்யுங்கள். பிள்ளைகளோடு என்ன விளையாடலாம் என்று நாலைந்து விளையாட்டு யோசித்து வையுங்கள். உங்கள் போனைப் பையில் போட்டுவிடுங்கள்.

நாளைப் பற்றி: சனி ஞாயிறு வேண்டாம். மே கடைசியில் அங்கே பள்ளி விடுமுறை தொடங்கிவிடும், நீங்கள் அதற்கு முன்னாலேயே போகிறீர்கள், நல்லது. கதவு திறக்கும்போதே வாசலில் இருங்கள். மகளின் பட்டியலில் முதல் இரண்டை மட்டும் எப்படியாவது முடித்துவிடுங்கள், மீதி கிடைத்தால் கிடைக்கட்டும். மத்தியானம் ஒரு மணி நேரம் எதிலும் ஏறாமல் நிழலில் உட்காருங்கள். பட்டியல் போட்டவள் அவசரப்படுவாள், நீங்கள் அவசரப்படாதீர்கள். இன்னொன்று, அவள் இன்னும் வீடியோ பார்க்காத ரைடு ஒன்று மிச்சம் இருந்தால் அதைப் பார்க்காமலே விட்டுவைக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். கட்டாயப்படுத்த வேண்டாம்.

உங்கள் கடிதம் முழுக்க மகள். மகனைப் பற்றி ஒரே ஒரு வரி, அக்கா அவனுக்குப் பாடம் எடுக்கிறாள் என்று. அதனால் அவனும் எல்லாவற்றிலும் ஏறப்போவதாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பான். அங்கே பல ரைடுகளுக்கு உயர அளவு உண்டு. ‘மம்மி’ ரைடுக்கு 122 சென்டிமீட்டர் வேண்டும், ஒன்றோடொன்று மோதுவதுபோல ஓடும் இரட்டை ரோலர் கோஸ்டருக்கு 125. ஏழு வயதுப் பையன் பெரும்பாலும் அதற்குக் கொஞ்சம் கீழேதான் இருப்பான். கம்பத்தருகே நிறுத்தி அளந்து, ஊழியர் தலையசைத்துத் திருப்பி அனுப்பும்போதுதான் அவன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டுமா? இன்று சாயங்காலமே செருப்பில்லாமல் சுவரோடு நிற்க வைத்து அளந்துவிடுங்கள். குறைந்தால், அக்கா உள்ளே போயிருக்கும் நேரம் நீங்களும் அவனும் மட்டும் போகிற மாதிரி இடம் ஒன்றை அந்த நோட்டில் அவன் கையாலேயே எழுத வையுங்கள்.

அன்புடன்