பழைய ஐஆர்சி சாட் ரூம் எல்லாம் கடலை போடத்தானே இருந்துச்சு?

கேள்விய பாத்ததும் கோவம்தான் வந்துச்சு. ஐஆர்சின்னா இன்டர்நெட்ல எழுத்துல பேசிக்கிற பழைய சாட். நீங்க அந்த காலத்துல சாட் பக்கமே போயிருக்க மாட்டீங்க, யாரோ சொன்ன கதைய வச்சு கேக்குறீங்கன்னு நினைக்கேன். உள்ள நுழைஞ்சதும் 'ஏஎஸ்எல்?'னு வயசும், ஆணா பெண்ணான்னும், ஊரும் கேட்டு நச்சரிச்ச ஆளுங்க நெறய உண்டு, இல்லன்னு சொல்லல. ஆனா அதுக்கு மட்டும்தான்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன்.

நான் மார்த்தாண்டம் பக்கம். 2000-த்த ஒட்டி எனக்க அண்ணன் குவைத்ல வேலை பாத்தான். ஐஎஸ்டி பூத்துல மீட்டர் ஓடுற ஓட்டத்த பாத்தே அம்மை 'போதும் மக்கா, வச்சிரு'ன்னு சொல்லிருவா. அண்ணன்தான் ஐஆர்சிக்குள்ள போற எம்ஐஆர்சி சாஃப்ட்வேர கத்துத் தந்தான். பிரவுசிங் சென்டர்ல ஒரே போன் லைன்லதான் எல்லா கம்ப்யூட்டரும் ஓடும், ஒரு போட்டோ தெறக்கணும்னா சாயா குடிச்சிட்டு வரலாம், ஆனா ஐஆர்சில எழுத்து மட்டும்தான, ஒரு மெசேஜே 512 பைட்டுக்குள்ள முடிஞ்சிரும், அதனால அந்த லைன்லயும் டக்குன்னு போய்ச் சேரும். 'சோறு தின்னியா', 'அம்மைக்க கால் வலி எப்படி இருக்கு', இவ்வளவுதான் பேச்சு. இதுவா கடலை? பக்கத்து வீட்டு மாமியும் 'பெண்ணுக்கு அங்க என்ன ஜோலி'ன்னுதான் கேட்டா.

ஒருநாள் அண்ணன் பேரும் கூட ஏழெட்டு பேரும் ஒரே அடியா க்விட்னு காணாம போச்சு, பக்கத்துல ரெண்டு சர்வர் பேரு மட்டும். எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுது. சென்டர் பையன்தான் சொன்னான், அது நெட்ஸ்பிளிட்டாம், சர்வர் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கோர்த்து நிக்கும், நடுவுல ஒரு இணைப்பு அறுந்தா ரெண்டு பக்கமும் தனித்தனியா ஆயிரும், ஆளு எங்கயும் போகலன்னு. கொஞ்ச நேரத்துல எல்லா பேரும் வரிசையா வந்து விழுந்துச்சு.

ஐஆர்சிய செஞ்சவரும் கடலைக்காக செய்யல. ஃபின்லாந்துல ஓலு யுனிவர்சிட்டில யார்க்கோ ஒய்க்காரினென் 1988 ஆகஸ்ட்ல எழுதினாரு. 1991-ல சோவியத்துல ஆட்சிய கவுக்க பாத்தப்போ அங்க நடந்தத வெளிய சொன்னதுல ஐஆர்சிக்கும் பங்கு உண்டு. அதுக்கும் முன்னால, 1973-லயே, இல்லினாய் யுனிவர்சிட்டியில டாக்கோமேட்டிக்னு ஒரு சாட் இருந்துச்சு, ஒரு ரூமுக்கு அஞ்சு பேரு, நாம அடிக்க அடிக்க ஒவ்வொரு எழுத்தும் மத்தவங்களுக்கு தெரியும்.

இன்னொண்ணு. களியக்காவிளை தாண்டி கேரளாவுக்குள்ள போனா எங்கள பாண்டின்னு சொல்லுவாங்க, சென்னைல ஹாஸ்டல்ல மலையாளத்தான்னு சொன்னாங்க. கேள்விக்கு சம்பந்தமில்லதான், ஆனா இப்பவும் எனக்கு ஆறல. நான் மலையாளம் நல்லா பேசுவேன், எழுத்துதான் வாசிக்கத் தெரியாது. அண்ணன் இருந்த மலையாள சேனல்ல, அதாவது ஐஆர்சி சாட் ரூம்ல, எல்லாரும் இங்கிலீஷ் எழுத்துலதான் மலையாளம் அடிப்பாங்க, அதனால நானும் சரிக்குச் சமமா பேசுனேன். ஒருத்தரும் நீ எந்த பக்கத்து ஆளுன்னு கேக்கல.

'உனக்கு நல்லது நடந்துச்சு, எல்லாருக்கும் அப்படியா'ன்னு யாராவது கமெண்ட்ல வருவீங்க. எனக்கு நடந்ததத்தான் நான் சொல்ல முடியும். ஐஆர்சி இன்னும் ஓடுது, சாஃப்ட்வேர் எழுதுறவங்க லிபெரா சாட்ங்கிற ஐஆர்சி நெட்வொர்க்ல இப்பவும் இருக்காங்க, பிரவுசர்லயே தெறக்கும், போன் நம்பர் கேக்காது. ஒரு தடவ உள்ள போய் பாத்துட்டு கேளுங்க.