காலி மனையில் நிற்கும் மஞ்சள் பூச்செடி எது?

எங்கள் தெருக்கோடி காலி மனையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு செடி. காலையில் பூவே தெரிவதில்லை, சாயங்காலம் மஞ்சளாகப் பூத்திருக்கிறது. என்ன செடி? (வேளச்சேரி வாசகி)

துத்தி. பூக்கும் நேரத்தைக் கவனித்தீர்களே, பாதி அடையாளம் அதிலேயே கிடைத்துவிட்டது. துத்திப்பூ பிற்பகலில்தான் விரியும். மீதியை இலையும் காயும் சொல்லும். இலை இதய வடிவில், ஓரத்தில் பல் பல்லாக இருக்கும். தடவினால் மெத்தென்று ரோமம் தட்டுப்படும். பூவுக்குள் பாருங்கள், மகரந்தத் தாள்கள் செம்பருத்தியில் இருப்பதுபோல் ஒரே குழலாகச் சேர்ந்திருக்கும். வெண்டை, பருத்தி எல்லாம் இதே குடும்பம்தான். காயைப் பார்த்தால் சந்தேகமே வராது: பல்சக்கரம் மாதிரி வட்டமாக, பெரும்பாலும் 15 முதல் 20 பிளவுகள். முற்றியதும் கறுத்து, பிளவுகள் தனித்தனியாகப் பிரியும்.

மூலத்துக்கு இந்த இலையைப் பறிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சித்த மருத்துவத்தில் துத்திக்கு இடம் உண்டு. ஆனால் சாக்கடை ஓரத்திலும் வண்டிப் புகையிலும் வளர்ந்ததைத் தயவுசெய்து சாப்பிடாதீர்கள். முற்றிய காயிலிருந்து விதை எடுத்து மாடித் தொட்டியில் போடுங்கள். மருந்தாக எடுப்பதானால் சித்த மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பூ துத்தி மாதிரியே இருக்கிறது, ஆனால் குட்டி. இலையும் ஒல்லி. (அம்பத்தூர்)

அரிவாள்மனைப் பூண்டாக இருக்கும். இலை ஈட்டிபோல் நீண்டு, ஓரம் ரம்பமாக இருக்கும். தண்டை ஒடித்துப் பாருங்கள், நார் லேசில் அறாது.

ஆவாரம்பூ என்று சாலை மரத்திலிருந்து பறித்துக் காயவைத்தேன். சரிதானா? (தாம்பரம்)

இல்லை. ஆவாரை புதர்ச்செடி, மரமாக வளராது. நீங்கள் பறித்தது பெரும்பாலும் மஞ்சள் கொன்றை; சென்னைச் சாலைகளில் நிழலுக்காக நட்டது. அடுத்த முறை இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். ஆவாரையில் அங்கே காது மடல்போல் அகன்ற இலைச்செதில் ஒட்டியிருக்கும். மஞ்சள் கொன்றையில் அப்படிப் பெரிதாக எதுவும் தெரியாது. காயவைத்ததைக் கொட்டிவிடுங்கள், கஷாயம் வைக்க வேண்டாம்.

செவ்வந்தி இலை மாதிரி வெட்டு வெட்டான இலை, பொடிப் பொடியாக வெள்ளைப் பூ. வளர்க்கலாமா? (பள்ளிக்கரணை)

வேண்டவே வேண்டாம், அது பார்த்தீனியம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த களை. 1950களில் புனேவில் கண்டறியப்பட்டு நாடெங்கும் பரவியது. தோலில் அரிப்பும் தடிப்பும் வரும், சிலருக்கு மூச்சுத் தொல்லையும் வரலாம். பூக்கும் முன்பே, மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். பூத்த பிறகு பிடுங்கி உதறினால் விதையை நீங்களே தூவியதாகிவிடும்.

வேட்டியில் ஒட்டிக்கொண்டு வந்த முள் எதனுடையது? (பெரம்பூர்)

நீளமான கதிரில் கீழ்நோக்கிப் படிந்த காய்கள் என்றால் நாயுருவி. வீட்டு வாசலில் உதறாமல் பொறுக்கிக் குப்பையில் போடுங்கள், இல்லையென்றால் அடுத்த மழைக்கு அங்கேயே முளைக்கும்.